எந்த வேலையின் சலிப்பு உங்களுக்குத் தாங்கும்? மலைப்பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற வாரத்தில் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஒரே பேச்சுதான் காதில் விழும். "அடுத்து என்ன பண்ணப் போறே?" கேட்கிற மாமாவுக்கும் பதில் தெரியாது, நிற்கிற பிள்ளைக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் எதைப் படித்தானோ அதையே படிக்க ஓர் இடம் வாங்கி, கீழே போகிற பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம். நானும் அப்படி ஏற்றிவிடப்பட்டவன்தான்.

என் ஊர் பந்தலூர்ப் பக்கம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயன் வீட்டில் வளர்ந்தேன். என் பிள்ளை கொழுந்துப் பையைத் தொடக்கூடாது என்பதுதான் அம்மாவின் ஒரே வைராக்கியம். அதனால் கம்ப்யூட்டர் டிப்ளமோவில் சேர்த்தார்கள். ஒரு வருடத்தில் விட்டேன். அப்புறம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, மூன்று வருடம். ஊருக்குத் திரும்பியபோது எனக்கென்று எந்தத் திறமையும் கிடையாது என்று நிஜமாகவே நம்பினேன். அந்த நம்பிக்கையைச் சுமந்துகொண்டு காலையில் எழுந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இன்று நான் கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கர், அதாவது பச்சை இலை தூளாகிற வரைக்கும் கவனித்துக்கொள்கிற ஆள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. படித்து முடித்த பிள்ளைகள், கீழே போய்ப் பிடிக்காமல் திரும்பி வந்தவர்கள் என்று யாராவது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா வேலையிலும் இனிப்பான பகுதி ஒன்று இருக்கிறது, அது எல்லாருக்கும் பிடிக்கும். அதை வைத்து யாரையும் எடை போட முடியாது. எல்லா வேலையிலும் அலுப்பான பகுதியும் ஒன்று இருக்கிறது. அந்த அலுப்பு யாருக்குத் தாங்குகிறதோ, சில நேரம் யாருக்கு அது அலுப்பாகவே தெரிவதில்லையோ, அவருடைய வேலை அது. அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இத்தனை படிகளும்.

முதல் படி: ஒரு நோட்டு

சாதாரண நோட்டு ஒன்று வாங்குங்கள். முப்பது நாள், ராத்திரி படுக்கும் முன் மூன்று வரி எழுதுங்கள். யாரும் சொல்லாமல் இன்று நானாகச் செய்தது என்ன? நேரம் போனதே தெரியாமல் செய்தது என்ன? நாளைக்கு ஆகட்டும் என்று தள்ளிப்போட்டது என்ன? அழகாக எழுத வேண்டாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள், விட்டதை இட்டுக்கட்டி நிரப்பாதீர்கள்.

வெட்கப்படுகிற விஷயத்தையும் எழுதுங்கள். ஒரு பையன் இரண்டு வாரமாகத் தினமும் "ரீல்ஸ், இரண்டு மணி நேரம்" என்றே எழுதிக்கொண்டு வந்தான். நோட்டைக் கொடுக்கவே கூச்சப்பட்டான். என்ன ரீல்ஸ் என்று கேட்டேன். போனைக் காட்டினான். அத்தனையும் லாரி எஞ்சினைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டுகிற வீடியோக்கள். மொழி புரியாத ஊர்க்காரர்கள் செய்வதைக்கூட ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்திருக்கிறான். இப்போது குன்னூரில் ஒரு ஒர்க்ஷாப்பில் டீசல் பம்ப் வேலை பழகுகிறான். அவன் படித்தது பி.காம்.

முப்பது நாள் முடிந்ததும் நோட்டை ஒரே மூச்சில் படியுங்கள். மூன்று தடவைக்கு மேல் வந்த விஷயங்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். இந்தப் படிக்கு அவ்வளவுதான் வேலை.

இரண்டாம் படி: நாலு பேரிடம் கேளுங்கள்

திறமை அதை வைத்திருக்கிறவருக்குத் தெரியாது. நமக்குச் சுலபமாக வருவது எல்லாருக்குமே சுலபம் என்று நினைத்துவிடுகிறோம். சின்ன வயதில் எங்கள் வீட்டில் பால் வந்தால் அம்மா என்னைத்தான் கூப்பிடுவாள். "திரியுமா நிக்குமா, மோந்து பாருடா." நேற்று வைத்த குழம்பு, மழைக்காலத்தில் வாங்கிய கருவாடு, எல்லாவற்றுக்கும் என் மூக்குதான். அதற்கு ஒரு பெயர் உண்டு, அதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை உண்டு என்று இருபத்து மூன்று வயது வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆகவே நாலு பேரைத் தேர்ந்தெடுங்கள். அப்பா அம்மா வேண்டாம், அவர்களுடைய பதிலில் பயமும் பாசமும் கலந்திருக்கும். ஒரு ஆசிரியர், ஒரு சிநேகிதர், கூட வேலை செய்த ஒருவர், ஒரு அத்தையோ சித்தப்பாவோ. "எனக்கு என்ன திறமை இருக்கு?" என்று கேட்காதீர்கள், சங்கடத்தில் எதையாவது நல்லதாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். "எந்த வேலைக்கு என்னைத் தேடுவீங்க?" என்று கேளுங்கள். பண்டிகைக்குக் கணக்கு எழுத, அழுகிற குழந்தையைத் தூக்க, பனிமூட்டத்தில் கேரட் மூட்டையோடு பிக்அப் வண்டியை மேட்டுப்பாளையத்துக்கு இறக்க, எந்த வேலைக்குத் தேடினாலும் சரிதான். இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னால் அதை நோட்டின் வட்டங்களுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வேலை நடக்கிற இடத்துக்குப் போங்கள்

இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் தவறவிடுகிறார்கள். மலையில் என்ன இருக்கிறது, தேயிலையும் டூரிஸ்டும்தானே என்கிறார்கள். சுற்றிப் பார்க்காதவர்கள் பேசுகிற பேச்சு அது.

தோடர் எம்பிராய்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய கலை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக அந்த அம்மாக்கள் போடுகிற பூவேலையைப் பார்த்தால் எல்லாருக்கும் ஆசை வரும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், துணியில் எந்தக் கோடும் வரைந்திருக்காது. இழையை எண்ணி எண்ணியே ஊசி போகிறது. ஓர் இழை தவறினால் பிரிக்க வேண்டும். நாள் முழுக்க எண்ணுவதுதான் அந்த வேலையின் உடம்பு, பூ அதன் முகம் மட்டுமே.

பழனி மலைக்குப் போங்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கியது. ஜான் எவர்ஷெட் என்றொருவர் இங்கிலாந்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டே சொந்தக் கருவிகளில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, 1907இல்தான் கொடைக்கானலுக்கு வந்து முழுநேர வேலையில் சேர்ந்தார். 1909இல் சூரியக் கரும்புள்ளியில் வாயு உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். ஆனால் அந்த ஆய்வகத்தின் அன்றாட வேலை என்ன தெரியுமா? வானம் தெளிந்த நாளெல்லாம் அதே சூரியனைப் படம் பிடிப்பது. நூறு வருடத்துக்கும் மேலாக அது நடக்கிறது. இருபத்தைந்து வயதிலேயே "லேட் ஆயிடுச்சு அண்ணா" என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இவருடைய கதையைத்தான்.

கூடலூர்ப் பக்கம் இன்னொன்று நடந்திருக்கிறது. உண்ணிச்செடி தெரியும்தானே, அலங்காரத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்து காட்டையே மூடிக்கொண்ட செடி. பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் கைவினைஞர்கள் அதன் குச்சிகளை வெட்டி, வேகவைத்து வளைத்து, நிஜ யானை அளவுக்கே யானைகள் செய்தார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. யானையைத் தினமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் முதுகு எங்கே வளையும் என்று யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. தெரிந்தது ஒரு பக்கம், களையாகக் கிடந்தது இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்க்க முடியும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

உங்கள் வட்டங்களுக்கு ஏற்ற மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். வர்க்கி போடுகிற பேக்கரி, குன்னூரின் மலை ரயில் ஷெட், முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், மன்னவனூரில் செம்மறி ஆடும் முயலும் வளர்க்கிற மத்திய அரசு ஆராய்ச்சி மையம், ஒரு கிளினிக், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தையல் கடை, எதுவாகவும் இருக்கலாம். அரசு நிலையம் என்றால் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். தனியார் இடம் என்றால் தெரிந்தவர் ஒருவரோடு போங்கள். அரை நாள் ஓரமாக நின்று பாருங்கள், செல்ஃபி எடுக்காதீர்கள். கிளம்பும்போது அங்கே வேலை செய்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வேலையில ரொம்ப அலுப்பான நேரம் எதுங்க?" முகம் மாறிவிடும், அதுவரை மரியாதைக்குப் பேசிக்கொண்டிருந்தவர் உண்மையைப் பேச ஆரம்பிப்பார். அவர் சொன்னதை அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள்.

நான்காம் படி: ஒரு சீசன்

பார்த்தது போதாது. கை வைக்க வேண்டும். மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் செய்யுங்கள். சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் சாப்பாடும் பஸ் செலவும்கூட இல்லாமல் மாதக்கணக்கில் வேலை வாங்குகிற இடம் என்றால் வந்துவிடுங்கள். பழகுவது வேறு, ஏமாறுவது வேறு.

மூன்று மாதம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மலையில் எந்த வேலைக்கும் இரண்டு முகம். மே மாதம் மலர்க்கண்காட்சி நேரத்தில் டாக்ஸி ஓட்டினால் உலகத்திலேயே சிறந்த தொழில் அதுதான் என்று தோன்றும். ஜூலை மழையில் ஸ்டாண்டில் நாள் முழுக்க ஒரு சவாரிகூட இல்லாமல் உட்கார்ந்தால்தான் மீதிப் பாதி தெரியும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் தேயிலை கருகும், இலை வரத்து குறையும். ஆகவே கூட்டமான மாதமும் காய்ந்த மாதமும் கலந்து வருகிற மாதிரி உங்கள் மூன்று மாதத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

என் சீசனைச் சொல்கிறேன். திருப்பூரிலிருந்து வந்ததும் மாமா என்னைத் தொழிற்சாலையில் இலை தூக்குகிற வேலையில் சேர்த்துவிட்டார். சாயங்காலம் லாரியில் வருகிற பச்சை இலையை இறக்கி, நீளமான தொட்டிகளில் பரப்பி, காற்று விட்டு வாடவிட வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரியெல்லாம் இலையைப் புரட்டிவிட வேண்டும். கூட இருந்த பையன்களுக்கு அதுதான் நரகம். எனக்கும் தூக்கம் வரத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் வாசனை மாறுவது எனக்குத் தெரிந்தது. முதலில் வெட்டின புல், அப்புறம் மெல்ல ஒரு பூ வாடை. அடுத்து எப்படி மாறும் என்று காத்துக்கொண்டே இருப்பேன்.

இரண்டாவது மாதம், சி.டி.சி. மெஷினில் அரைபட்ட இலையைப் புளிக்கவிடுகிற இடத்தில் ஆள் குறைந்ததால் என்னை நிறுத்தினார்கள். பச்சை நிறம் செம்பு நிறமாகிக்கொண்டிருக்கும். சரியான நேரத்தில் ட்ரையருக்கு அனுப்பாவிட்டால் தேநீர் கெட்டுவிடும். அன்றைக்கு டீ மேக்கர் சும்மா என்னிடம் கேட்டார், "என்னப்பா, அனுப்பலாமா?" ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் விடலாங்க, பச்சை வாடை போகலை" என்றேன். அவர் தானும் ஒரு கை அள்ளி மோந்தார். எதுவும் பேசாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து தினமும் என்னிடம் கேட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். தேநீர் ருசி பார்க்கிற வேலை என்றால் எல்லாருக்கும் பிடிக்கும். வரிசையாக வைத்த கோப்பைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்பி, அடுத்ததற்குப் போவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாக் கோப்பைக்கும் அதே எடைத் தூள், அதே அளவு கொதிநீர், அதே நிமிடக் கணக்கு, தினமும் அப்படியே. கொஞ்சம் பிசகினாலும் ஒப்பிட முடியாது. ருசி பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர்களில் பலர் அந்த எடைபோடுகிற இடத்திலேயே கழன்றுகொள்வார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை. அவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது, சீக்கிரம் தெரிந்துகொண்டது நல்லது.

மூன்று மாத முடிவில் நோட்டில் எழுதுங்கள்: அலுப்பான பகுதியைச் செய்யும்போது மனம் எங்கே இருந்தது? கடிகாரத்திலா, வேலையிலா? இரண்டாவது மாதத்தில் செய்த தவறை மூன்றாவது மாதத்தில் செய்யாமல் இருந்தீர்களா? யாராவது இரண்டாம் தடவை உங்களைத் தேடி வந்தார்களா? மூன்றுக்கும் பதில் சரியில்லை என்றால் அடுத்த இடத்துக்குப் போங்கள். இரண்டு சீசன் வீணாகிவிட்டதே என்று வருத்தப்படாதீர்கள். பிடிக்காத படிப்பில் நான் விட்ட காலமும் பணமும் இதைவிட அதிகம்.

ஐந்தாம் படி: பணக் கணக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுக்கு மாதம் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று அம்மாவோடு உட்கார்ந்து எழுதுங்கள். கடனுக்கு வட்டி தனி வரி. நீங்கள் தேர்ந்தெடுத்த வேலையில் முதல் இரண்டு வருடம் என்ன வரும் என்று அந்த வேலை செய்கிற இரண்டு பேரிடம் கேட்டு எழுதுங்கள். இடைவெளி இருந்தால், அதை நிரப்ப வேறு வேலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இதைப் பழகுங்கள். பச்சை இலை விலை விழுந்த வருடங்களில் எங்கள் ஊரில் எத்தனையோ சிறு விவசாயிகள் காலையில் தோட்டமும் மதியம் வேறு வேலையுமாகத்தான் தாக்குப் பிடித்தார்கள். ஆசைப்பட்ட வேலைக்காக நகையை அடகு வைக்காதீர்கள். சீசன் முடியாமல் கடன் வாங்கிக் கடை போடவே போடாதீர்கள்.

ஆறாம் படி: முறையாகக் கற்பது

கை பழகிவிட்டது, இனி காகிதமும் வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்குப் போங்கள். பதிவு செய்கிற ஆபீஸ் என்று மட்டும் நினைக்கிறோம். எந்தப் படிப்புக்கு என்ன வேலை என்று சொல்லவும், போட்டித் தேர்வுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கவும் அங்கே ஆள் இருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் போன்றவற்றுக்கு அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஐ.டி.ஐ. என்றால் மார்க் வராதவர்கள் போகிற இடம் என்கிற பேச்சைக் காதில் வாங்காதீர்கள். தொழிற்சாலையில் மோட்டார் நின்றுபோன ராத்திரியில் நான் யாரைத் தேடி ஓடுகிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் திறன் பயிற்சிகள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கப் போகிற பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் உதவித் திட்டங்கள் வந்திருக்கின்றன. ஐ.டி.ஐ. சேருகிறவர்களும் கேட்கலாம். மண்ணில் ஆசை உள்ளவர்கள் குன்னூரில் உபாசி என்கிற தோட்ட முதலாளிகள் சங்கம் நடத்துகிற வேளாண் அறிவியல் நிலையத்திலும், உதகையிலும் கொடைக்கானலிலும் இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்களிலும் பயிற்சி எப்போது என்று விசாரித்து வையுங்கள்.

ஆனால் சான்றிதழ் எத்தனை இருந்தாலும், தவறைப் பார்த்தவுடன் சொல்கிற ஒரு மனிதர் பக்கத்தில் வேண்டும். எனக்கு அந்த டீ மேக்கர் இருந்தார். அதிகம் பாராட்ட மாட்டார். நான் செய்ததை மறுபடி அள்ளி மோந்து பார்ப்பார், அதுதான் பாடம். அப்படி ஒருவர் கிடைத்தால் அவருடைய நேரத்தை மதியுங்கள், அவர் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய் நில்லுங்கள்.

ஏழாம் படி: வீட்டில் சொல்வது

எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது இதுதான். தொழிற்சாலையிலேயே இருக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று அம்மா சாப்பிடவில்லை. "மறுபடியும் தேயிலைக்கேவா? இதுக்காடா உன்னைப் படிக்க வச்சேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் எவ்வளவோ விளக்கம் சொன்னேன், எதுவும் ஏறவில்லை.

கடைசியில் ஒரு நாள் அம்மாவைத் தொழிற்சாலைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது வருடம் கொழுந்து பறித்தவள், பறித்த இலை என்ன ஆகிறது என்று உள்ளே வந்து பார்த்ததே இல்லை. வாடுகிற தொட்டி பக்கத்தில் நின்று ஒரு கை அள்ளினாள். விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "முத்தின இலை கலந்திருக்கே, இதை எப்படி வாங்கினீங்க?" என்றாள். டீ மேக்கர் அசந்துபோனார். எனக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. என் மூக்கு எங்கிருந்து வந்ததோ, அவள் கண்ணும் அப்படிப்பட்டது. முப்பது வருடத்தில் யாரும் அவளிடம் அதைச் சொல்லவில்லை, கூலியும் கிலோவும் மட்டும்தான் பேசினார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது "எத்தனை மணிக்கு ஷிப்ட்டு முடியும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் சம்மதம் இருந்தது.

ஆகவே வாதாடாதீர்கள், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அழைத்துப் போக முடியாத வேலை என்றால் நீங்கள் செய்த ஒரு பொருளை, சரிசெய்த ஒரு மிக்ஸியை, எழுதிய ஒரு கணக்கை வீட்டில் கொண்டுவந்து வையுங்கள். சீசன் முடிவதற்கு முன் எதையும் அறிவிக்காதீர்கள். பாதியில் விட்டுவிட்டால் அடுத்த தடவை உங்கள் பேச்சு எடுபடாது.

கீழே இறங்க வேண்டியிருந்தால்

உங்கள் வேலை மலையில் இல்லாமலும் போகலாம். கப்பல் எஞ்சினோ, சினிமா எடிட்டிங்கோ, பெரிய மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டரோ என்றால் கீழே போகத்தான் வேண்டும். மண்ணைவிட்டுப் போகிறானே என்று யாராவது சொன்னால் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் திருப்பூருக்குப் போனபோது எதைத் தேடிப் போகிறேன் என்று எனக்கே தெரியாது, அதுதான் என் கஷ்டம். நீங்கள் நோட்டும் ஒரு சீசன் அனுபவமும் கையில் வைத்துக்கொண்டு இறங்குகிறீர்கள். போகிற இடத்தில் அறை வாடகை, முன்பணம், முதல் சம்பளம் எந்தத் தேதி என்ற மூன்றையும் விசாரித்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் உங்கள் பக்கத்துத் தொழிற்சாலையில் கேட்டுவிட்டுச் சாயங்காலமாகப் போங்கள். இலை அப்போதுதான் வந்து இறங்கும். ட்ரையர் பக்கம் சூடாக இருக்கும், ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செண்ட் மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.